ரிப்பன் கட்டிய தீயணைப்பு பம்ப்

எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் ஒரு கமிட்டி உண்டு. திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றை ஒட்டிய அக்ரகாரத் தெரு. இரண்டு வரிசை வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். உற்சவத்துக்கு ஒரு கமிட்டி, குப்பைக்கு ஒரு கமிட்டி, தெருநாய்க்கு ஒரு கமிட்டி. போன கோடையில் தீக்கும் ஒரு கமிட்டி போட்டோம். அதற்குக் கன்வீனர் நான். வங்கியில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவன் நான். தீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காஸ் அடுப்பைச் சிம்மில் வைப்பதுதான். ஆனால் கூட்டத்தில் அதிகமாகக் குறை சொல்கிறவனைக் கன்வீனராக்கிவிடுவது எங்கள் வழக்கம். ஒருவன் வாயை அடைக்க இதைவிட நல்ல வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தீயைச் சொல்வதற்கு முன்னால் ஆட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் கொல்லைப்புறங்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய காலிமனை கிடக்கிறது. சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பி. ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், இன்னொருவர் கோர்ட்டில் இருக்கிறார். மனையின் ஓரத்தில் ஆற்றுச் சுவரை ஒட்டி ஒரு சின்னக் கொட்டகை போட்டு, தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் ஆடு வளர்த்தாள். புருஷனுக்குக் கட்டட வேலை. அக்கரையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவள் விடியற்காலையில் போய்ப் பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து வந்து ஆடுகளை அவிழ்த்துவிடுவாள். ஐந்து ஆடு. ஊரில் அவளுடைய மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். குட்டிகளை விற்றுத்தான் அந்தப் படிப்பு நடக்கிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஐந்து ஆடுகளும் மனையை வருஷம் முழுக்க மொட்டை அடித்து வைத்திருந்தன. பந்து விளையாடலாம் போலக் கிடக்கும். அதை நாங்கள் ஒருநாளும் ஒரு வேலையாக நினைத்ததில்லை. ஆடு தின்கிறது, அவ்வளவுதான். தீர்மானம் போடாமல் நடக்கிற எதுவும் எங்கள் கண்ணில் படாது.

ஐப்பசியில் ஒரு சம்பவம் நடந்தது. எங்கள் தெருவின் விசேஷங்களுக்கெல்லாம் மந்திரம் சொல்லி வைக்கிற வாத்தியார், அமாவாசைத் தர்ப்பணத்துக்காகப் புதிதாக அறுத்த தர்ப்பையைக் கொல்லையில் காயப்போட்டிருந்தார். அந்தப் பெண்ணின் கறுப்பு ஆடு வேலி இடுக்கில் தலையை நுழைத்து அத்தனையையும் தின்றுவிட்டது. மறுநாள் காலையில் பஞ்சகச்சம் கட்டிய இருபது பேர் படித்துறையில் வெறுங்கையோடு நின்றோம். பித்ருக்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ என்னவோ. எங்கள் கோபத்தைப் பார்த்திருந்தால் அவர்களும் ஆட்டின் பக்கம்தான் பேசியிருப்பார்கள்.

அன்று சாயங்காலமே தெரு அசோசியேஷன் பிரசிடெண்ட் தலைமையில் அவசரக் கூட்டம். பருப்புவடை, டீ. ஆடுகளை இனி அவிழ்த்துவிடக் கூடாது, எப்போதும் கட்டியே வைக்க வேண்டும், மீறினால் கொட்டகையை எடுக்கச் சொல்லிக் கார்ப்பரேஷனுக்கு எழுதப்படும் என்று தீர்மானம். ஒருமனதாக நிறைவேறியது. நானும் கையைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“ஏன்னா, ஆட்டைக் கட்டிப் போட்டுட்டா அந்தப் புல்லை ஆரு திம்பா? பிரசிடெண்டா?”

இந்த மாதிரிக் கேள்விகளை எங்கள் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடியவர்கள் அந்த நேரத்தில் வடை சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெண் தீர்மானத்தை மீறவில்லை. ஹோட்டலில் மிஞ்சிய வாழையிலையையும் காய்த்தோலையும் சாக்கில் கட்டி, தினமும் பஸ்ஸில் கொண்டுவந்து ஆடுகளுக்குப் போட்டாள். கண்டக்டர் திட்டுவான் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஆடுகள் கொட்டகைக்குள்ளே நின்று, எதிரே வளர்கிற பச்சைப் புல்லைப் பார்த்துக்கொண்டு, காய்ந்த வாழையிலையை மென்றன.

ஐப்பசி மழை, இங்கே துலாவர்ஷம் என்பார்கள், நன்றாகப் பெய்தது. புல் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, தை பிறந்ததும் காய ஆரம்பித்தது. மாசியில் மனை முழுக்க வைக்கோல் நிறம். அந்த வருஷம் கோடை முன்னாலேயே வந்துவிட்டது. கல்லாறு தாண்டி மலைச்சரிவில் புல்மேடு எரிவதை டி.வி.யில் காட்டினார்கள். நாங்கள் சாயங்காலக் காபியோடு உட்கார்ந்து பார்த்து, காட்டைப் பற்றிக் கவலைப்பட்டோம். தூரத்துத் தீயைப் பற்றிக் கவலைப்படுவது சுகமான காரியம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தினம் நாலு பேர் எங்கள் மனையைப் படமெடுத்துப் போட்டார்கள். ‘ஆபத்து’ என்று ஒருவர் எழுதுவார், கீழே பதினெட்டுப் பேர் கைகூப்புவார்கள்.

ஒரு மத்தியானம் அவள் எங்கள் கொல்லைக் கதவருகில் வந்து நின்றாள். கன்வீனர் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சாமி, புல்லு இடுப்பு மட்டும் காஞ்சு நிக்கி. ஒரு பொறி விழுந்தாப் போதும். ஆடுவ கட்டிக் கெடக்குல்லா, ஓடக்கூட வழியில்ல. கொட்டகையச் சுத்தி மட்டும் நானே அறுத்துப் போட்டுருதேன். ஒரு வார்த்த சொல்லுங்க.”

நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பிரசிடெண்டைக் கேட்டேன். கோர்ட்டில் கேஸ் இருக்கிற நிலம், அதில் நாம் அனுமதி கொடுத்துப் புல் வெட்டினால் நாளைக்கு நம்மையும் கேஸில் சேர்த்துவிடுவார்கள் என்றார் அவர். புல்லுக்கும் ஸ்டே இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். ஆனால் கன்வீனர் ஆனபிறகு நான் கேள்வி கேட்பதைக் குறைத்திருந்தேன். பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன். அவள் யாரும் பார்க்காதபோது கொட்டகையைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு அறுத்துவைத்தாள்.

இதற்கிடையில் எங்களுக்குப் பம்ப் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தெருப் பிள்ளை ஒருவன், வாட்ஸ்அப் படங்களைப் பார்த்துப் பயந்துபோய், தன் அப்பா நினைவாக வாங்கி அனுப்பினான். சக்கரம் வைத்த பெட்ரோல் பம்ப். ஒரு குழாயை ஆற்றில் இறக்கி, இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். கம்பெனி ஆள் ஒரு நாள் வந்து எனக்குக் கற்றுக்கொடுத்தான். தண்ணீர் நாலு மாடி உயரத்துக்குப் பீறிட்டது. குழந்தைகள் நனைந்தார்கள். கிழவர்கள் கைதட்டினார்கள். எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இது திருவனந்தபுரம். இங்கே பஸ் ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு போட்டாலும் உத்காடனம் என்கிற திறப்புவிழா செய்யாமல் யாரும் அதில் உட்காரமாட்டார்கள். ஒரு பெரிய மனிதர் வந்து விளக்கேற்றி, அரைமணி நேரம் பேசி, ரிப்பனை வெட்டினால்தான் அது பெஞ்சு. அதுவரைக்கும் வெறும் பலகை. பம்புக்கும் ஒரு பெரிய மனிதரைப் பார்த்தோம், தேதி வாங்கினோம், நோட்டீஸ் அடித்தோம். வாத்தியார் பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்தார். பிரசிடெண்டின் மனைவி சிவப்பு சாட்டின் ரிப்பனை எஞ்சினையும் குழாய்ச்சுருளையும் சேர்த்துச் சுற்றி, முன்பக்கத்தில் தாமரைப்பூ மாதிரி ஒரு முடிச்சுப் போட்டாள். முந்தின நாள் போன் வந்தது. பெரிய மனிதருக்கு வேறு எங்கேயோ உத்காடனம். தேதி தள்ளிப்போயிற்று. பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போயிற்று.

முடிச்சை அவிழ்க்க வேண்டாம், மறுபடி அந்த மாதிரிக் கட்ட வராது என்று பிரசிடெண்டின் மனைவி சொல்லிவிட்டாள். அதனால் பம்ப் ரிப்பனோடு படித்துறை மேலிருக்கிற தகர அறையில் இருந்தது. உத்காடனம் முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று ஒரு தீர்மானம். சாவி கன்வீனரிடம். ஊரெல்லாம் தீப்பிடிக்கிற மாசியில், தீயணைக்கும் பம்பை நாங்கள் புதுப்பெண் மாதிரி அலங்கரித்து உள்ளே உட்காரவைத்திருந்தோம்.

தீ மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் தெருவில் எல்லாக் கொல்லையிலும் தினம் சருகு எரிப்பார்கள். அன்றைக்கு மட்டும் ஒரு வீட்டிலும் எரிக்கவில்லை, விசாரித்துவிட்டோம். சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம். படபடவென்று மழை பெய்கிற மாதிரிச் சத்தம் கேட்டு எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். மனையின் மேல்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் தீயின் நிறம்கூடத் தெரியவில்லை. காற்று மட்டும் ஆற்றுப் பக்கமாக, கொட்டகையை நோக்கி அடித்தது. ஆடுகள் கத்துவது கேட்டது.

மனைவி ஃபயர்ஃபோர்ஸுக்குப் போன் செய்தாள். நான் சாவியை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினேன். ஓடினேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஓடுகிறபோதே பிரசிடெண்டுக்கும் போன் போட்டேன். அவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு, “எடுத்தே ஆகணும்னா எடுங்கோ. ஆனா ரிப்பனைக் கெடுத்துடாதேங்கோ, ஞாயிற்றுக்கிழமை ஃபங்ஷன்” என்றார்.

தகர அறையைத் திறந்தேன். தாமரைப்பூ முடிச்சோடு பம்ப் நின்றது. ரிப்பனை எடுக்காமல் குழாயை உருவ முடியாது. பக்கத்து அலமாரியில் ஒரு வெள்ளித்தட்டு, அதில் மஞ்சள் பட்டுத்துணி, துணிமேல் புத்தம்புதுக் கத்தரிக்கோல். என் கைக்கு எட்டுகிற தூரம். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். அந்தக் கத்தரிக்கோல் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. அதை எடுத்தால், ரிப்பனை யார் வெட்டினார்கள் என்று கூட்டத்தில் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

அவிழ்த்தேன், சாமானியமாக இல்லை. ஒவ்வொரு இதழாகப் பிரித்து, எந்த மடிப்பு எதன்மேல் வருகிறது என்று மனதில் குறித்துக்கொண்டு, மறுபடி அதே மாதிரிக் கட்டுவதற்குத் தோதாக அவிழ்த்தேன். சாட்டின் வழுக்கியது. நகத்தால் நெம்பினேன். திறந்த கதவு வழியாகப் பார்த்தபோது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாக்கை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடிவருவது தெரிந்தது. அறை வாசலைத் தாண்டித்தான் போனாள். ஒரு நொடி நின்று உள்ளே என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு ஆற்றுச் சுவரில் செருகி வைத்திருந்த புல்லறுக்கும் அரிவாளை உருவிக்கொண்டு புகைக்குள் போய்விட்டாள்.

அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு வெட்டு. ஓர் ஆடு வெளியே வந்து ஆற்றுப்படியில் பாய்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அந்த நாலாவது வந்தபோது எனக்குக் கடைசி இதழ் பிரிந்தது. நான் ரிப்பனை எடுத்தேன். நாலாக மடித்தேன். சட்டைப் பையில் வைத்தேன். பையின் பொத்தானையும் போட்டேன்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழாயை ஆற்றில் இறக்கி, கயிற்றை இழுத்து, மூன்றாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பி, தண்ணீர் பீறிட்டது. பம்ப் நல்ல பம்ப். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கொட்டகைக் கூரை அதற்குள் உள்பக்கமாகச் சரிந்துவிட்டது. அவள் வெளியே வந்தாள், இடது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. கறுப்பு ஆடு வரவில்லை. சினையாக இருந்தது என்பதால் அதை மட்டும் உள்ளே தள்ளிக் கட்டியிருந்தாள், மற்றவை முட்டிவிடாமல். அவள் கூரையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். அதை எழுத எனக்கு எழுத்து இல்லை. கொஞ்சம் முன்னால் தண்ணீர் வந்திருந்தால் அந்த ஆடு பிழைத்திருக்கும். எவ்வளவு முன்னால் என்று கேட்டால், ஒரு தாமரைப்பூ அளவு முன்னால்.

ஃபயர்ஃபோர்ஸ் வந்தபோது எங்கள் வீடுகளின் பக்கம் தீ அடங்கிவிட்டது. காலையிலிருந்து அது அவர்களுக்கு ஏழாவதோ எட்டாவதோ புல்தீயாம். கண்கள் சிவந்து, முகமெல்லாம் கரி. மிச்சத்தை நனைத்து அணைத்துவிட்டு, இவ்வளவு புல்லை எதற்காக வளர்த்து வைத்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார் அவர்களில் மூத்தவர். எங்களில் யாருக்கும் அப்போது மலையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது என் மனைவி. போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ரிப்பனைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கசங்கவே இல்லை என்று பிரசிடெண்டின் மனைவி சந்தோஷப்பட்டாள். மறுபடியும் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர் நிஜமாகவே வந்தார். கரிந்துபோன மனைக்குப் பக்கத்தில் பந்தல், நாற்காலி, மைக். அவர் ரிப்பனை வெட்டினார், எல்லோரும் கைதட்டினோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், நாங்கள் அதற்கு மைக்கும் வைத்தோம். பம்பை ஓட்டிக்காட்ட வேண்டும், ஆனால் அணைப்பதற்குத் தீ இல்லை, எரிவதற்குப் புல்லும் இல்லை. கொட்டகையில் எரியாமல் மிஞ்சிய நாலு ஓலையைக் கொண்டுவந்து கொளுத்தி, அதை அணைத்துக்காட்டினோம். தக்க சமயத்தில் துணிச்சலாகச் செயல்பட்டதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். மேடையில் இருந்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வைகாசி கடைசியில் இடவப்பாதி மழைக்குப் புல் மறுபடி முளைத்தது. இந்தமுறை கூட்டத்தில் ஒருவருக்கு ஞானம் வந்து, ஆடுகள் இருந்தவரைக்கும் தீ இல்லையே என்றார். தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரித்தான் சொன்னார். உடனே தீர்மானம். மேற்படி பெண்மணி தன் ஆடுகளை மனையில் மேய்த்துக்கொள்ளலாம், அசோசியேஷனுக்கு ஆட்சேபணை இல்லை, தர்ப்பை காயும் நாட்கள் மட்டும் நீங்கலாக. போய்ச் சொல்ல வேண்டியது யார்? கன்வீனர்தான்.

பழவங்காடியில் அந்த ஹோட்டலின் பின்பக்கம் போனேன். கை சரியாக ஆறவில்லை, பாத்திரம் கழுவ முடியாது என்பதால் வெங்காயம் உரிக்கப் போட்டிருந்தார்கள். ஒரு கையில் கட்டோடு, முழங்காலில் வெங்காயத்தை அழுத்திப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தீர்மானத்தைச் சொன்னேன். இந்த முறை ‘நீ’ என்று சொல்ல வாய் வரவில்லை, ‘நீங்கள்’ என்றேன். அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. ஆடுகள் நாலும் போய்விட்டன என்றாள். கை வெந்து வேலை நின்றபோது விற்க வேண்டியதாயிற்றாம். மகளும் படிப்பை நிறுத்திவிட்டு ஊரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

மன்னிக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

“நீங்க மனசு சங்கடப்படாதிய சாமி. நான் அருவா எடுக்கையில உங்களப் பாத்தேம்லா. அந்தத் துணிய அவுக்க முடியாம கை வெடவெடன்னு ஆடிக்கிட்டு இருந்திய. பயந்த மனுசனுக்கு அப்படித்தான் வரும். ஆனாலும் அத்தன வீட்டுல நீங்க ஒரு ஆளுதான ஓடி வந்திய. எங்க வீட்டு ஆளுகிட்டயும் அதத்தான் சொன்னேன்.”

என் கை அன்று ஆடவில்லை. முப்பது வருஷம் ஒரே மாதிரிக் கையெழுத்துப் போட்ட கை அது, ஒரு மயிரிழை நடுங்கவில்லை. இவள் புகைக்கு நடுவில் நின்று, ஒரு நொடியில், என்னை மன்னிக்க ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அது தப்பு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

“ஆமா, கை ஓடலை” என்றேன்.

அவள் தலையாட்டினாள். நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், கட்டுப் போட்ட கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் எனக்கு ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.